சிற்றுயிர்ப் படங்களில் தெளிவும் ஆழமும்

கண்ணுக்கு எளிதிற் புலனாகாத சிற்றுயிர்களையும், பூந்தாதுகளையும், பனித்துளிகளையும் பெருக்கிக் காட்டும் புகைப்படங்கள் இக்காலத்தே மிகப் பெருகியுள்ளன. முன்னர்ப் பெரும்பொருள் செலவிட்டு லென்ஸ் வாங்கினார்க்கே கிட்டிய இக்கலை, இன்று கைத்தொலைபேசி வைத்திருப்பார் பலர்க்கும் ஓரளவு கிட்டிவிட்டது. நம் கல்லூரிப் புகைப்படக் காட்சியிலும் எறும்பும் சிலந்தியும் தும்பியும் சுவர்களை அணி செய்கின்றன. அவற்றைக் காண வருவோருட் பெரும்பாலார் ஒரே அளவுகோல் கொண்டே அளக்கின்றனர். "தலைமுதற் கால்வரை முழுதும் தெளிவாய் உள்ளதா?" என்பதே அவ்வளவுகோல். தெளிவாயிருப்பின் நற்படம் என்பர். ஒரு கால் மங்கியிருப்பினும் குறைபட்ட படம் என்று கடந்து செல்வர். இவ்வளவுகோலை ஆராயாது கொள்ளின், அது கலைக்கும் கேடாம், உண்மைக்கும் கேடாம், வாயில்லாச் சிற்றுயிர்க்கும் கேடாம் என்பது எம் கருத்து. அக்கருத்தை ஈண்டு ஒருவாறு நிறுவ முயல்வோம்.

முதற்கண், மாக்ரோ படம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். பொருளின் உண்மையளவும், காமிராவின் உள்ளே சென்ஸாரின்மீது விழும் அதன் பிம்பத்தின் அளவும் ஒத்திருக்குமாயின், அதனை ஒன்றுக்கொன்று என்னும் அளவு என்பர். அவ்வளவையோ அதனை அடுத்த அளவையோ எட்டிய படமே மாக்ரோ படம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்ஸாரில் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள காட்சி அடங்கும் என்க. 'மாக்ரோ' என்னும் கிரேக்கச் சொல் பெரிய, நெடிய என்னும் பொருளுடையது. சிறியவற்றைப் பிடிக்கும் கலைக்குப் பெருமையைக் குறிக்கும் பெயர் அமைந்தது விந்தையே. பத்து மடங்கிற்கு உட்பட்ட படங்களை மைக்ராஸ்கோப் வழிப் பிடிக்கும் படங்களினின்று பிரித்துக் கூறுதற்கு, 1899ஆம் ஆண்டில் வால்ம்ஸ்லி என்பார் இச்சொல்லை அடியாகக் கொண்டு ஒரு பெயர் வகுத்தனர்.

இக்கலைக்குரிய கருவிகளுள் ஒன்று தோன்றிய வரலாறு தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இன்பம் பயப்பது. ஜப்பான் தேயத்து நிக்கான் நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டில் மைக்ரோ நிக்கோர் என்னும் லென்ஸை வெளியிட்டனர். அது பூச்சிகளைப் பிடித்தற்கென்று செய்யப்பட்டதன்று. ஜப்பானியர் எழுதும் காஞ்சி எழுத்துக்களில் நுண்கோடுகள் பல நெருங்கிக் கிடத்தலின், ரோமன் எழுத்துக்குப் போதுமான லென்ஸ் அவற்றைச் சுருக்கிப் பதிவு செய்தற்குப் போதவில்லை. அக்குறையை நீக்கவே அது பிறந்தது. ஆயினும் ஒரு வேற்றுமையை நோக்குக. எழுத்துப் பொறித்த தாள் தட்டையானது. அதற்கு வேண்டுவது கூர்மை ஒன்றே. பூச்சியோ மேடும் பள்ளமும் உடையது; அதற்குக் கூர்மையும் வேண்டும், ஆழமும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறுபடுவதே இக்கலையின் முதற்சிக்கல்.

லென்ஸ் ஒரு தூரத்திலுள்ள தளத்தை மட்டுமே உள்ளபடி கூர்மையாய்க் காட்டும். அத்தளத்திற்கு முன்னும் பின்னும் உள்ளவை சிறிது சிறிதாக மங்கும். மங்குதல் கண்ணுக்குப் புலனாகாத எல்லைவரை உள்ள இடைவெளியைப் புல ஆழம் என்பர். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் எப்-எண் 8 வைத்து 3 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரைப் பிடித்தால், புல ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் மிகும். அவர் மூக்கும் செவியும் ஒருங்கே தெளிவாயிருத்தல் அங்கே ஓர் அரிய செயலன்று. அதே எப்-எண்ணில் ஒன்றுக்கொன்று என்னும் அளவுக்கு நெருங்கினால், புல ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எப்-எண் 2.8 ஆயின் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கே எஞ்சும். ஐந்து மடங்கு பெருக்கத்தில் அதே எண்ணுக்கு 0.04 மில்லிமீட்டர் அளவே கிடைக்கும். இக்கணக்குகள் 0.03 மில்லிமீட்டர் வரையுள்ள மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தையொட்டியவை. படத்தைச் சுவரளவு பெருக்கி அருகே நின்று நோக்குவார்க்கு அப்பொறுமையும் இராது. ஆழம் இன்னும் குறுகும்.

இஃது அறிந்தார் உடனே கூறுவது, "ஒளித்துளையைச் சுருக்குக" என்பதாம். துளை சுருங்கச் சுருங்க எப்-எண் உயரும், ஆழமும் பெருகும். எப்-எண் 22இல் ஒன்றுக்கொன்று அளவில் இரண்டரை மில்லிமீட்டர்வரை ஆழம் பெறலாம். ஆனால் இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. ஒளி குறுகிய துளையினூடே செல்லுங்கால் நேரே மட்டும் செல்லாது விளிம்பிற் பட்டு விரிகின்றது. இதனை விளிம்பு விளைவு என்று பெளதிக நூலார் கூறுவர். இதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக நில்லாது சிறு வட்டாக விரியும். அவ்வட்டின் கணக்கை ஏய்ரி என்னும் ஆங்கில வானநூலறிஞர் 1835ஆம் ஆண்டில் வகுத்தனர். துளை எத்துணைச் சிறிதோ, வட்டு அத்துணைப் பெரிது.

மாக்ரோ படத்தில் இக்கேடு இரட்டிக்கின்றது. பொருளை நெருங்கியபோது லென்ஸ் சென்ஸாரினின்றும் விலகி நிற்க வேண்டியிருத்தலின், ஒன்றுக்கொன்று அளவில் எப்-எண் 22 என்று குறிக்கப்பட்டது உண்மையில் 44 ஆகவே தொழிற்படும். ஒளியும் நான்கிலொரு பங்காகக் குறையும். சில காமிராக்கள் இம்மாற்றத்தைத் தாமே கணக்கிட்டுக் காட்டும். வேறு சில காட்டா. எண் 44 ஆமிடத்துப் பச்சை ஒளிக்குரிய வட்டின் குறுக்களவு ஏறத்தாழ 0.059 மில்லிமீட்டர். இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்ஸல் கொண்ட 36 மில்லிமீட்டர் சென்ஸாரில் ஒரு பிக்ஸலின் அகலம் 0.006 மில்லிமீட்டர். எனவே ஒரு புள்ளி பத்துப் பிக்ஸல்களின் அகலத்திற்குப் பரவுகின்றது. எறும்பின் உடல் முழுவதும் ஆழத்திற்குள் அடங்கிற்று. ஆனால் அதன் கண்ணிலுள்ள நுண்முகப்புக்களும் காலிலுள்ள மயிர்களும் கரைந்தன. எல்லாம் ஒரே சீராய்த் தெளிந்துள்ளன என்று மகிழ்வார், எல்லாம் ஒரே சீராய் மங்கியுள்ளன என்பதை உணர்ந்திலர்.

சிறிய சென்ஸார் உடைய கைத்தொலைபேசியில் ஆழம் மிகுதியாய்க் கிடைக்கின்றதே எனச் சிலர் வினவலாம். கிடைப்பது உண்மையே. ஆயினும் அச்சிறு பிம்பத்தைப் பெரிய பிம்பத்தோடு ஒப்பப் பெருக்கும்போது விளிம்பு விளைவின் மங்கலும் உடன் பெருகுமாதலின், முடிவிற் பயன் ஒன்றே. காமிராவை மாற்றியோ, லென்ஸை மாற்றியோ இக்கட்டினின்று தப்புதல் இயலாது. இது கைவினைஞரின் குறையன்று, ஒளியின் இயல்பு. அவ்வியல்பின்மீது குறை கூறுவது போன்றதே ஒற்றைப் படத்தினின்று எல்லாத் தெளிவையும் கேட்பது.

இனி, இக்காலத்தார் கண்ட பிறிதொரு வழியுண்டு. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்துள்ள பகுதியை மட்டும் தெரிந்து கம்ப்யூட்டர் கொண்டு ஒரே படமாக இணைத்தலே அது. ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பூச்சியை, எப்-எண் 5.6 வைத்துக் கால் மில்லிமீட்டருக்கு ஒரு படமாக எடுத்தால், ஏறத்தாழ இருபது படங்கள் போதும். எண் 22இல் எடுத்த ஒற்றைப் படத்தை நோக்க, இதில் விளிம்பு விளைவின் வட்டு நான்கிலொரு பங்கே. ஆழமும் உண்டு, கூர்மையும் உண்டு. இம்முறையின் உச்சத்தை லெவான் பிஸ் என்னும் ஆங்கிலேயப் புகைப்பட வல்லுநரின் படங்களிற் காணலாம். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து இயற்கை வரலாற்று மியூசியத்திலுள்ள பூச்சிகளை அவர் எடுத்த படங்கள் 2016ஆம் ஆண்டில் அம்மியூசியத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 8,000 படங்களின் சேர்க்கை.

"இவ்வாறு ஒட்டிச் சேர்த்தது உண்மைப் படமாகுமா? ஒருகணத்தும் ஒருவரும் காணாத காட்சியன்றோ அது?" என்பார் உளர். இவ்வினா நல்ல வினாவே, எள்ளி ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் யாம் அவரோடு உடன்படுகின்றிலோம். 1665ஆம் ஆண்டில் மைக்ரோகிராபியா என்னும் நூலை வெளியிட்ட ராபர்ட் ஹூக், தாம் மைக்ராஸ்கோப்பிற் கண்டவற்றை வரையுமுன், பல ஒளிகளிலும் பல நிலைகளிலும் வைத்துப் பலகால் ஆராய்ந்த பின்னரே உண்மை உருவைத் துணிந்ததாகக் கூறுகின்றனர். அவர் வரைந்த தெள்ளுப்பூச்சியும் எறும்பும் ஒருகணத்துக் காட்சியல்ல. பல காட்சிகளின் துணிபு. அதனைப் பொய்யென்று அறிவுலகம் தள்ளிற்றில்லை. நம் கண்ணும் ஒரு பொருளை ஒரே பார்வையிற் காண்பதில்லை. அங்குமிங்கும் ஓடியே முழுமையைக் காண்கின்றது.

இன்னும் ஓர் ஒப்புமை கூறுவோம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும், 1894ஆம் ஆண்டிற் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஒரே ஏட்டை நம்பினாரல்லர். ஓர் ஏடு ஓரிடத்துத் திருத்தமாயிருக்கும், மற்றோரிடத்துச் சிதைந்திருக்கும். பல ஏடுகளை ஒப்புநோக்கி, ஒவ்வொன்றிலும் தெளிந்ததைக் கொண்டே நூலை நிறுவினர். அவ்வண்ணம் நிறுவிய பாடம் எந்தத் தனி ஏட்டிலும் அப்படியே இருந்திராது. அதுபற்றி அதனைப் பொய்ப்பாடம் என்பார் யார்? ஆனால் ஒன்று கருதுக. நற்பதிப்பாசிரியர் தாம் ஒப்பிட்ட பிரதிகள் இவையிவை எனக் கூறுவர். பாடபேதங்களை அடியிற் காட்டுவர். மறைத்து இணைத்தாராயின் அவர் பதிப்பாசிரியரல்லர். புகைப்படத்திற்கும் இதுவே நெறியாதல் வேண்டும். இணைத்தது குற்றமன்று, இணைத்ததை மறைத்தலே குற்றம். இணைக்குங்கால் ஒரு காலின்மேல் மற்றொரு கால் குறுக்கிடும் இடத்தும், மயிர்கள் பின்னிக் கிடக்கும் இடத்தும் கம்ப்யூட்டர் தவறாகத் துணிதல் உண்டு. இல்லாத நிழல் தோன்றும், உள்ள மயிர் மறையும். எத்தனை படங்களின் சேர்க்கை என்று கூறப்பட்டிருந்தாலன்றோ, அதனைக் கொண்டு ஓர் உயிரின் இனத்தைத் துணிவார் எச்சரிக்கையோடிருப்பர்?

இதுகாறும் கூறியன கருவியையும் உண்மையையும் பற்றியவை. இவற்றினும் பெரிதாக யாம் கருதுவது பிறிதொன்று. பல படங்கள் எடுத்து முடியுமளவும் பூச்சி அசையாதிருத்தல் வேண்டும். உயிருள்ளது அசையும், இது யாவரும் அறிந்ததே. ஹூக் என்பாரும் இவ்விடர்ப்பட்டனர். எறும்பு ஓரிடத்து நில்லாமையால், அதனைப் பிராந்தியில் இட்டு மயக்கி வரைந்தனர். ஒரு மணி நேரங் கழிந்தபின் அவ்வெறும்பு உறக்கந் தெளிந்தாற்போல் எழுந்து ஓடிவிட்டதென்று அவரே எழுதியுள்ளார். அவ்வெறும்பு பிழைத்தது. இன்று அசைவற்ற தெளிவை வேட்டுப் பூச்சிகளைக் குளிர்ப்பெட்டியிலிட்டு விறைக்கச் செய்வாரும், கொன்று இலைமேற் பசையிட்டு நிறுத்தி உயிருள்ளவைபோற் காட்டுவாரும் உலகில் உளர். அவற்றுட் பல பிழைப்பதில்லை.

மியூசியத்தில் உள்ளவை இறந்த பூச்சிகளல்லவோ எனின், ஆம். ஆயின் அவை அறிவின்பொருட்டுச் சேர்க்கப்பட்டவை. எங்கே, எப்பொழுது, யாராற் பிடிக்கப்பட்டதென்ற குறிப்பு ஒவ்வொன்றன் கீழும் உண்டு. ஒருமுறை சேர்த்தது நூறாண்டுக்குப் பின்னும் ஆராய்ச்சிக்கு உதவும். பூச்சிநூல் வல்லார் செய்யும் அப்பணியை யாம் குறை கூறுகின்றிலோம். ஆனால் ஒரு பரிசுக்காகவும், சுவரில் ஒரு சட்டத்துக்காகவும் ஓர் உயிரைப் போக்கி, அதன் உடலைக் கொண்டு உயிரின் அழகை நடித்துக் காட்டுதல் இரட்டைப் பிழையாகும். கொலை ஒன்று, பொய் மற்றொன்று. படத்தின் தரத்தையே கருதினும் அதிற் பயன் குறைவு. தும்பியின் கண்ணொளி இறந்தபின் விரைவில் மங்கும். மடிந்த கால்கள் இயல்பாய் நில்லா. உயிர் போனபின் எஞ்சும் தெளிவு எதனைத் தெளிவிக்கும்?

ஆண்டவர் மிருகங்களையும் பறவைகளையும் ஆதாமினிடத்திற் கொண்டுவந்து, அவன் அவற்றிற்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாக ஆதியாகமம் கூறும். மனிதன் சிருஷ்டிகளை முதன்முதற் கூர்ந்து நோக்கிய காட்சி அதுவே. அவை அவன்முன் உயிரோடு வந்தன. நோக்குதலும் பெயரிடுதலும் மனிதனுக்கு அளிக்கப்பட்ட உரிமை; நோக்குதற்பொருட்டு அழித்தல் அவ்வுரிமையுள் அடங்கியதாக யாம் கருதவில்லை.

"அங்ஙனமாயின் உயிருள்ளவற்றைத் தெளிவாய்ப் பிடித்தல் கூடாதோ?" எனின், கூடும், பொறுமை வேண்டும். பூச்சிகள் தம் உடற்சூட்டிற்கு வெயிலை நம்பியவை. ஆதலின் கதிர் எழுமுன், பனி உலராத வேளையில், புல்நுனியில் அவை அசைவற்று உறங்கும். அப்போது வளி அடங்கியிருப்பின் இருபது படங்களும் எடுக்கலாம், முப்பதும் எடுக்கலாம். அசையும் உயிராயின் ஒற்றைப் படமே அமையும். அவ்விடத்து எப்-எண்ணை அளவறிந்து வைத்து, சென்ஸாரின் தளமும் பூச்சியின் நெடும்பக்கமும் ஒருபோகாய் நிற்குமாறு காமிராவைத் திருப்பினால், ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலும் தலைமுதல் வால்வரை அடக்கலாம். ஆழத்தைப் பெருக்கமாட்டாதபோது, உள்ள ஆழத்தை எங்கே வைப்பதெனத் தெரிதலே புலமை. நேர்முகமாய் நோக்கும் சிலந்தியின் இரு கண்களும் தெளிவாயிருந்து, பின்னுள்ள கால்கள் மங்கிக் கிடந்தாற் குறையென்ன? தமிழ் அகப்பாட்டில் முதலும் கருவும் உரியும் என மூன்று பொருள்கள் அமைந்திருப்பினும் உரிப்பொருளே தலைமை பெறும். நிலமும் பொழுதும் புள்ளும் மரமும் அதற்குத் துணையாய் நிற்கும். மூன்றையும் ஒரே குரலிற் பேசும் பாட்டு நற்பாட்டாகாது. படத்திலும் உரிப்பொருள் எதுவெனத் தெரிந்து அதனைத் தெளிவித்தவனே கலைஞன். மங்கலும் அவன் கையில் ஒரு கருவியே.

இவற்றால் யாம் வேண்டிக்கொள்வது இது. நம் கல்லூரிக் காட்சியில் வைக்கும் ஒவ்வொரு சிற்றுயிர்ப் படத்தின் கீழும் நான்கு செய்திகள் எழுதப்படுதல் வேண்டும்: பெருக்கம் எவ்வளவு, எப்-எண் யாது, எத்தனை படங்களின் சேர்க்கை, எடுத்தபோது அவ்வுயிர் உயிரோடு இயல்பாய் இருந்ததா, மயக்கப்பட்டதா, இறந்ததா. எழுதுதற்கு ஒருவரி போதும். ஆனால் அவ்வொருவரி, போட்டியிடும் மாணவனைக் காமிராவைத் தொடுமுன் சிந்திக்கச் செய்யும். நடுவராயிருப்போரையும் எல்லாம் தெளிவா என்னும் ஒற்றை அளவுகோலினின்று விடுவிக்கும். ஒற்றைப் படமும் அடுக்கிய படமும் தத்தம் வகையில் தனித்தனி மதிக்கப்பெறும். கொன்று எடுத்த படத்திற்குப் பரிசில்லை என்னும் விதியையும் உடன் வகுத்தல் நன்று. மறைத்து எழுதுவாரை என் செய்வதெனின், பதிப்பாசிரியர் முன்னுரையை நம்புமாறே இதனையும் நம்புதல் வேண்டும். மாணவர் நாணயத்தை நம்பாத கல்லூரி வேறெதனைக் கற்பிக்கும்?

ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் நின்றே மனிதன் எறும்பின் விழியைக் கண்டான். தெளிவை வேண்டுங்கால் ஆழத்தையும், ஆழத்தை வேண்டுங்கால் உண்மையையும், உண்மையை வேண்டுங்கால் உயிரையும் மறவாதிருப்பாராயின், நம் மாணவர் எடுக்கும் படங்கள் சிறியவாயினும் சிறந்தனவாம். அத்தகைய படங்கள் வரும் ஆண்டின் காட்சியை அணி செய்வனவாக.